துரைசானி கொடுத்த குட்டிக்குப் பெயர்

இராசேஸ்வரிக்கு நாய் என்றால் பிடிக்காது. ஒரு நாய்க்குட்டியைச் சாமி விக்கிரகம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக ரேஸ்கோர்ஸ் ரோட்டு வீட்டுப் படியேறி வந்த புருஷனை அன்றைக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. ஐந்து மணி வெயிலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார் மனிதர். கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. அது வியர்வை இல்லை என்பது கிட்டே வந்தபோது மணத்தில் தெரிந்தது.

"இஞ்சரும், துரைசானி தன்ர கையாலயே தந்தவ," என்றார்.

"உங்கட கோட்டிலை ஒண்டுக்குப் போக விட்டுத் தந்தவவோ?"

அம்பிகைபாகன் குட்டியைத் தரையில் விட்டார். அது நேராகப் போய் அவள் மடித்து வைத்திருந்த சேலையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, தொங்கட்டான் காது. அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இராசேஸ்வரி தயாராக இல்லை.

அம்பிகைபாகன் ராஃபிள்ஸ் பிளேஸில் ஹார்விக் கம்பெனியில் கிளார்க். கப்பல் சரக்குக்கு இன்சூரன்ஸ் எழுதுகிற கம்பெனி. பதினோரு வருஷமாக அதே மேசை, அதே மைக்கூடு. ஆள் பனை உயரம், ஒல்லி, கறுப்பு, கோட்டுக் காலருக்கு மேலே ஒரு சாண் கழுத்து. தடித்த கண்ணாடி. மழையோ வெயிலோ கக்கத்தில் குடை. துரை அறைக் கதவு திறந்தால் போதும், யார் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே இடுப்பு வளைந்துவிடும். கோயில் திருவிழாவில் செண்பக விநாயகருக்குக்கூட அவர் அவ்வளவு குனிந்து கும்பிட்டு இராசேஸ்வரி பார்த்ததில்லை. காத்தோங்கில் இருக்கிற அவளுடைய அண்ணன்மார் இவரைப் பற்றிப் பேசும்போது, "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று இரண்டு தடவை சொல்லுவார்கள். ஒரு தடவை சொன்னால் அது பாராட்டு. இரண்டு தடவை சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

கம்பெனியின் தலைமைக் கிளார்க் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அது ஐம்பத்தெட்டாம் வருஷம். ஏற்கெனவே இரண்டு தடவை அந்த நாற்காலி காலியாகி, இரண்டு தடவையும் இவருக்குப் பின்னால் வந்தவன் அதில் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவையும் தவறினால் இனி எந்தக் காலத்திலும் கிடையாது. அதனால்தான் கம்பெனியின் பெரிய துரை பிரென்டனின் நாய் ஆறு குட்டி போட்டபோது, நாயைத் தொட்டறியாத அம்பிகைபாகன் போய், "எனக்கு ஒன்று கிடைத்தால் பாக்கியம்" என்று நின்றிருக்கிறார். வெள்ளைக்காரர் அல்லாத ஆட்களில் நாய் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

"அது சரி, பேர் என்ன?" என்று கேட்டாள் இராசேஸ்வரி.

"அதுதான் விசயமே," என்றார் அம்பிகைபாகன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

விஷயம் இதுதான். பிரென்டன் துரைசானிக்குக் கார்ட்டூன் பைத்தியம். பிள்ளைகளை இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இங்கே பொழுது போகாமல் இருக்கிறவள். சனிக்கிழமை தவறாமல் சினிமாவுக்குப் போவாளாம். பெரிய படத்துக்கு முன்னால் காட்டுகிற பத்து நிமிஷக் கார்ட்டூனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படம் ஆரம்பித்ததும் எழுந்து வந்துவிடுவாளாம். அவள் வீட்டு நாய் போடுகிற குட்டி எந்த வீட்டுக்குப் போனாலும் அதற்குக் கார்ட்டூனில் வருகிற ஒரு பெயரைத்தான் வைக்க வேண்டும். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை தங்ளினில் அவர்கள் பங்களாவில் தேநீர் விருந்து. குட்டி வாங்கினவர்கள் எல்லாம் குட்டியோடும் மனைவியோடும் போய், வைத்த பெயரைச் சபையில் சொல்ல வேண்டும். நல்ல பெயருக்கு ரிப்பன் கட்டுவாளாம்.

இராசேஸ்வரி கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படித்தவள். வீட்டுக்கு வருகிற பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்கிறவள். அடுத்த வருஷம் தன்னாட்சி வரப் போகிறது என்று ஃபேரர் பார்க்கில் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமானால் விடுதலை கேட்கிற 'மெர்டேக்கா' சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. வெள்ளைக்காரனை எப்படி அனுப்புவது என்று ஊரே யோசித்துக்கொண்டிருக்க, இந்த வீட்டு மனிதர் வெள்ளைக்காரியின் நாய்க்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெட்கக்கேடு.

"வீமன் எண்டு வையுங்கோ. நாய்க்குப் போதும்," என்றாள்.

"வீமன் கார்ட்டூனிலை வாறவனோ?"

"நீங்கள் போய் நிண்ட கோலம் கார்ட்டூன்தானே."

மனிதர் அசையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் கார்ட்டூன் வருகிற பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். அக்கம்பக்கத்தில் பழைய பேப்பர் இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கினார். ஆபீஸ் தாளில் கோடு போட்டுப் பட்டியல் எழுதினார்: தபால்காரத் தவளை, சமையல்காரப் பன்றி, மூக்குப்பொடி போடுகிற கரடி. ஒவ்வொன்றுக்கும் நேராக, குணம் என்ன, நாய்க்குப் பொருந்துமா, துரைசானிக்குப் பிடிக்குமா என்று மூன்று கட்டம். பிள்ளை இல்லாத வீடு அது. பிள்ளை பிறந்திருந்தால் பெயர் வைக்க இவ்வளவு பாடுபட்டிருப்பாரா என்று இராசேஸ்வரி நினைத்தாள். நினைத்ததும் எரிச்சல் இன்னும் கூடிற்று.

அவளையும் இரண்டு தடவை சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆர்ச்சர்ட் ரோட்டில் முன்வரிசைச் சீட்டு. கார்ட்டூன் ஓடும்போது இருட்டில் பென்சிலால் எழுதினார். பின்னால் இருந்த பையன்கள் அவருடைய கழுத்து மறைக்கிறது என்று கடலைத் தோலை வீசினார்கள். இவர் திரும்பி அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். இராசேஸ்வரி சேலைத் தலைப்பை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்து வந்தார். குடையை மூலையில் சாத்தினார். பட்டியலை எடுக்கவே இல்லை.

"பேர் முடிவாயிட்டுது. டாக்கிள்."

"அது எந்த மிருகம்?"

"ஒரு பறவை."

"நாய்க்குப் பறவையின்ர பேரோ? உந்தப் பேர் உங்கட பட்டியலிலையே இல்லையே."

"இல்லை. எண்டாலும் அதுதான்." துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் மூளையைக் கசக்கிவிட்டு இதுதானா என்று அவள் மனதுக்குள் காறித் துப்பினாள். ஆனாலும் குட்டி அந்தப் பெயருக்குச் சட்டென்று பழகிற்று. அவள் "டாக்கிள்" என்றால் போதும், அடுப்படியிலிருந்து காது இரண்டும் பறக்க ஓடிவரும். பத்து நாளில் அது அவள் காலைச் சுற்றியே படுத்துக் கிடந்தது.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸ் பியூன் ஜேசுதாசன் ஒரு தகர டின்னோடு வந்தான். புக்கிட் பாஞ்சாங் பக்கத்துக்காரன், கள்ளமில்லாத ஆள்.

"அக்கா, தொரைசானி குட்டிக்கு பிஸ்கோத்து குடுத்து வுட்டாங்க. ஐயா வந்துட்டாரா?"

"இன்னும் வரேல்லை. இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." குட்டி அவன் செருப்பைக் கவ்வப் போயிற்று. "டாக்கிள்! விடு! டாக்கிள்!" என்று அதட்டினாள் இராசேஸ்வரி.

ஜேசுதாசன் டின்னைக் கீழே போட்டுவிட்டான். பிஸ்கோத்தெல்லாம் தரையில் உருண்டன. அவன் சிரிக்கப் போகிறவன் போலவும் அழப் போகிறவன் போலவும் நின்றான்.

"என்னக்கா, இந்தப் பேரையா வெச்சீங்க? யாரு வெச்சது?"

"அவர்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா லா." டின்னில் பிஸ்கோத்தை அள்ளிப் போட்டவன் தேநீருக்கு நிற்கவில்லை. வாசலில் திரும்பி, "அந்தக் கார்ட்டூனு சனிக்கிழம காலைல ஓடுதுக்கா. முடிஞ்சா பாருங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

அடுத்த சனிக்கிழமையே விருந்து. அன்று காலையில் அம்பிகைபாகன் அரைநாள் ஆபீஸுக்குப் போனதும், தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இராசேஸ்வரி தனியாக ட்ராலி பஸ் ஏறினாள். கொட்டகை முழுக்கப் பிள்ளைகள் கூச்சல். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கதவு தெரிந்தது. கதவுக்கு முன்னால் ஒரு பறவை நின்றது. ஒல்லிக்கால், கறுப்பு உடம்பு, கோட்டுக் காலருக்கு மேலே நீட்டுக் கழுத்து. தடித்த கண்ணாடி. இறக்கைக்கு அடியில் குடை. கதவு திறக்கும் முன்னே அது குனிந்தது. கதவு அதன் மூக்கில் மோதியது. அது நிமிர்ந்து, கதவுக்கே நன்றி சொன்னது. மறுபடி குனிந்தது. மறுபடி மோதியது.

இராசேஸ்வரி முதலில் சிரித்துவிட்டாள். கொட்டகையோடு சேர்ந்து வாய்விட்டே சிரித்தாள். அதுதான் அவளால் பிறகு மறக்க முடியாமல் போயிற்று. நாலாவது தடவை கதவு மோதியபோது, மூக்கைத் தடவிக்கொண்டு கண்ணாடியைச் சரி செய்கிற அந்தப் பறவையின் கையசைவை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறவள் என்பது உறைத்தது.

வெளியே வந்து, ராஃபிள்ஸ் பிளேஸுக்கே போய், கம்பெனியின் பின்வாசலில் ஜேசுதாசனைப் பிடித்தாள்.

"எத்தினை நாளா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆறு வருசம் இருக்கும்க்கா. பெரிய தொரதான் மொதல்ல சொன்னாரு. ஐயாவோட பேரு அவுங்க வாயில நொழையல. இப்ப எல்லா வெள்ளக்காரனும் அதான். 'டாக்கிள வரச் சொல்லு'ன்னுதான் எங்கிட்டயே சொல்லுவாங்க. ஐயாவுக்குத் தெரியாதுக்கா. நீங்க சொல்லிராதீங்க."

வீட்டுக்கு வந்து இராசேஸ்வரி உலையை வைத்தாள், இறக்கினாள், எதை வைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். வெள்ளைக்காரர்கள் மேல் வந்த ஆத்திரம் ஒரு பக்கம். இந்த மனிதர் மேல் வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆறு வருஷம்! முதுகுக்குப் பின்னால் ஓர் ஆபீஸே சிரிக்கிறது, இவருக்கு உறைக்கவில்லை. எவனோ இளிக்கும்போது கேட்ட பெயரை, நல்ல பெயர் என்று நினைத்து நாய்க்கு வைத்துவிட்டு, இன்றைக்கு அவர்கள் முன்னாலேயே போய்ச் சொல்லப் போகிறார். மண்டையில் மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா?

குட்டி காலடியில் வந்து நின்று வாலை ஆட்டியது. அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. கலியாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் புருஷனைப் பெயர் சொன்னதில்லை. அவளுடைய அம்மா சொன்னதில்லை, அண்ணிமார் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ'தான். தபால்காரன் பெயர் கேட்டால்கூடக் கடித உறையைக் காட்டுவாள். இப்போது இந்தப் பெயரும் அவருடையதாகிவிட்டது. யார் வைத்தால் என்ன, ஆறு வருஷமாக அதைச் சொன்னால் அது அவரைத்தான். இதைச் சொல்லி நாயைக் கூப்பிடுவதாவது?

"இந்தா," என்றாள் நாயைப் பார்த்து. அதற்கு விளங்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வந்தவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "உந்தப் பேரை மாத்துங்கோ. தவளையின்ர பேரை வையுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

"பேர் அதுதான், இராசேஸ்," என்றார் அவர், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே. அந்தக் குரலில் இருந்த பிடிவாதத்தை ஆபீஸில் ஒரு நாளாவது காட்டியிருந்தால் நாற்காலி எப்போதோ வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. பாலிஷ் போட்ட ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

தங்ளின் பங்களாவில் புல்வெளி முழுக்க வெள்ளைப் பிரம்பு நாற்காலி. குட்டி வாங்கின மற்ற ஐந்து பேரும் கம்பெனி வெள்ளைக்காரர்கள், அவர்களுடைய பெண்சாதிகள். தேநீர்க் கோப்பை ஏந்துகிற விதத்தில்தான் அவர்களுடைய பெருமையெல்லாம் இருந்தது. பிரென்டன் துரை சிவந்த கழுத்தும் தொந்தியுமாக நடுவில் இருந்தார். துரைசானி பூப்போட்ட கவுனில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தட்டித் தட்டி ஓடித் திரிந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

ஒவ்வொருவராகப் பெயரைச் சொன்னார்கள். தவளை வந்தது, பன்றி வந்தது, கரடி வந்தது. துரைசானி ஒவ்வொன்றுக்கும் கீச்சிட்டாள். கடைசியாக அம்பிகைபாகன் எழுந்து, குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சபைக்குக் குனிந்தார்.

"டாக்கிள், மேடம்."

பிரென்டன் துரைக்குத் தேநீர் மூக்கில் ஏறிற்று. ஒருவன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினான். இன்னொருவன் செடியைப் பார்க்கிறவன் மாதிரி திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது. பெண்சாதிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆக, எல்லோருக்கும் தெரியும். வீட்டில் படுக்கையில் கிடந்துகூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இராசேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டு, எதையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"அபாரம், பேகன்! அபாரம்!" என்று அம்பிகைபாகனைப் பார்த்துத் துரைசானி கையைத் தட்டினாள். பிறகு விளையாட்டை அறிவித்தாள். குட்டிகளை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, பெண்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எந்தக் குட்டி மற்றதைவிட வேகமாக ஓடுகிறதோ அதற்கு ரிப்பன். "முதலில் மிஸஸ் பேகன்! கூப்பிடுங்கள், உரக்கக் கூப்பிடுங்கள்!"

இராசேஸ்வரி புல்வெளியின் அந்தக் கோடியில் போய் நின்றாள். எதிரே பத்துப் பன்னிரண்டு முகங்கள், வாய் திறந்து காத்திருந்தன. நாய்க்காக அவர்கள் காத்திருக்கவில்லை. டாக்கிளின் பெண்சாதி டாக்கிளைக் கூப்பிடுகிற வேடிக்கைக்காகக் காத்திருந்தார்கள். குட்டி அவளையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்பிகைபாகன் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்து, கூப்பிடும், கூப்பிடும் என்கிற மாதிரி தலையை அசைத்தார். தலையசைப்பில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைக்கேறிற்று.

"மன்னிக்க வேண்டும், மேடம்," என்றாள் இராசேஸ்வரி, கன்னியர் மடத்தில் படித்த சுத்தமான இங்கிலீஷில். "எங்கள் வழக்கத்தில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை."

துரைசானி சிரித்துக்கொண்டே, "நாயின் பெயரைத்தானே சொல்லச் சொன்னேன்?" என்றாள்.

"ஆறு வருஷமாக அது யாருடைய பெயர் என்று உங்கள் துரைக்குத் தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கும் தெரியும்."

துரைசானியின் கை தட்டப் போன இடத்தில் அப்படியே நின்றது. பிரென்டன் துரையின் கழுத்துச் சிவப்பு மெதுவாக மேலேறி நெற்றி வரைக்கும் போயிற்று. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை இராசேஸ்வரி கண்டதில்லை. நேராக நடந்து வந்து, நாயைத் தூக்கிக்கொண்டு, "வாங்கோ போவம்," என்றாள். அம்பிகைபாகன் அப்போதும் சபைக்கு ஒரு தடவை குனிந்துவிட்டுத்தான் வந்தார்.

டாக்சி ஓட்டினவர் சீனர், தமிழ் விளங்காது. அது வசதியாகப் போயிற்று. ஆர்ச்சர்ட் ரோடு தாண்டுகிற வரை மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அவருடைய கோட்டின் மேல் படுத்துத் தூங்கியது. உண்மை இப்போதுதான் தெரிந்து மனிதர் இடிந்துபோய் இருக்கிறார் என்று இராசேஸ்வரி நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகவும் இருந்தது, இப்போதாவது உறைத்ததே என்று திருப்தியாகவும் இருந்தது.

"உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழைதான்," என்றாள். "காலமைதான் எனக்குத் தெரிய வந்தது. அவங்கள் உங்களை என்னெண்டு கூப்பிடுறாங்கள் எண்டு..."

"எனக்குத் தெரியும், இராசேஸ்."

"என்ன தெரியும்?"

"முதல் வருசமே தெரியும். ஆரோ என்ர மேசையிலை மையொத்துற தாளிலை அந்தப் பறவையின்ர படத்தைக் கீறி வச்சிருந்தாங்கள். நல்லாத்தான் கீறியிருந்தான்."

"தெரிஞ்சுமோ? தெரிஞ்சுமோ உந்தப் பேரை நாய்க்கு வச்சனீங்கள்? உங்களுக்கு விசரே?"

அம்பிகைபாகன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"துரைசானி எல்லாக் குட்டிக்கும் கார்ட்டூன் பேர் எண்டு சொன்ன உடனே யோசிச்சன். அந்தப் பேர் நாய்க்கு எண்டாகிட்டா, அவங்கள் பிறகு டாக்கிள் எண்டு சொல்லேக்கை நாயைத்தான் நினைப்பாங்கள். துரைசானியின்ர நாய்க்குட்டியின்ர பேரைச் சொல்லி ஒரு ஆளைக் கூப்பிட அவங்களுக்கே ஒரு மாதிரியாய்ப் போயிடும். மெல்ல மெல்ல விட்டிடுவாங்கள். ஒரு டாக்கிளைத் தலைமைக் கிளார்க் ஆக்கேலாது, இராசேஸ். எந்தத் துரையும் செய்யமாட்டான். அந்தப் பேர் என்னை விட்டுப் போனால்தான் நாற்காலி. நாய் எடுத்துக்கொண்டு போகட்டும் எண்டு நினைச்சன். நாய்க்கு என்ன, அதுக்கு நோகாது."

டாக்சி ஜன்னலுக்கு வெளியே பிராஸ் பாசா ரோட்டுக் கடைகள் ஓடின.

"முதல் வாரமே வைக்கத்தான் நினைச்சன். துணிவு வரேல்லை. அதுதான் அந்தப் பட்டியலெல்லாம். ஆபீசிலை ஆருமே என்னைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேகன், பேகன் எண்டுவாங்கள். அதுவாவது பரவாயில்லை. நீர் இண்டைக்கு ஒரு தரம் அந்தக் கோடியிலை நிண்டு கூப்பிட்டிருந்தால், நாய் ஓடி வந்திருக்கும். அது உம்மட்டை ஓடி வரும் எண்டு எனக்குத் தெரியும். எல்லாரும் பாத்திருப்பாங்கள். ரிப்பன் கட்டியிருப்பாங்கள். பேர் நாயின்ரதாகியிருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

இராசேஸ்வரி எவ்வளவு பெருமையாக அந்தப் புல்வெளியில் நின்றாள்! ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை என்று எவ்வளவு சந்தோஷம்! முதுகுக்குப் பின்னால் மட்டும் இருந்த பெயரை, இது என் புருஷன் பெயர்தான் என்று நல்ல இங்கிலீஷில் சபை நடுவே சாட்சி சொல்லி, அவர் கழுத்திலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறாள். இனி அதை எந்த நாயும் எடுத்துக்கொண்டு போகாது. பதினாலு வருஷமாக முட்டாள் என்று நினைத்த மனிதர் ஒரு காரியத்தை யோசித்து யோசித்துக் கட்டி எழுப்பினார். புத்திசாலி என்று தன்னை நினைத்தவள் அதைக் காலால் தட்டிவிட்டாள். அவளுக்குத் தன் மேல் வந்த வெறுப்பில், இத்தனை நாள் அவர் மேல் இருந்ததெல்லாம் சின்னதாகப் போயிற்று.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"எப்பிடிச் சொல்லுறது? என்ர பெண்சாதியிட்டை, என்னை ஆபீசிலை இப்பிடிக் கூப்பிடுறாங்கள் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

வீட்டுக்கு வந்ததும் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. குடை கக்கத்திலேயே இருந்தது. திங்கட்கிழமை போய்த் துரை அறைக் கதவு முன்னால் நிற்க வேண்டும். கதவு திறக்கும். அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெளியே ஃபேரர் பார்க் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் யாரோ விடுதலையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தான்.

இராசேஸ்வரி சோறு போட்டாள். மத்தியானம் வைத்த மீன் குழம்பைச் சூடாக்கி ஊற்றினாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, அடுப்படி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'இஞ்சாருங்கோ' என்று வாய் பழக்கத்தில் குவிந்தது. அதை நிறுத்தினாள். கன்னம் சுட்டது, கலியாணத்தன்று மணவறையில்கூட இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. அவளுடைய அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பாள்.

"அம்பிகைபாகன்," என்று கூப்பிட்டாள். முழுப்பெயரையும், ஓர் எழுத்துக் குறையாமல். "சாப்பிட வாங்கோ."

நாய் படுத்தபடியே கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் திடுக்கிட்டு எழுந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் வந்து கூப்பிடுகிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.